பால் குடித்த பிள்ளையாரும் பானை செய்த குயவனும்: கடவுளுக்கான ஆதாரங்களைச் சோதிப்பது எப்படி?

கேள்வி இது: "1995ல் பிள்ளையார் பால் குடித்ததை நாடே பார்த்தது. வருடாவருடம் ஆயிரக்கணக்கானோர் பூக்குழி இறங்குகிறார்கள், கால் வேகவில்லை. சிதம்பரம் கோயில் அமைந்த இடத்தை இன்றைய அறிவியலே வியக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், செய்கிறவன் இல்லாமல் ஒரு பானைகூட வராதபோது இத்தனை பெரிய உலகம் தானாக வருமா? இவ்வளவுக்குப் பிறகும் ஆதாரம் இல்லை என்று நாத்திகர்கள் சொல்வது வெறும் பிடிவாதம்தானே?"

இதிலுள்ள நான்கும் ஒரே வகைச் சரக்கல்ல. முதல் இரண்டும் கண்ணால் பார்த்த நிகழ்ச்சிகள். மூன்றாவது ஒரு தகவல். நான்காவது ஒரு வாதம். நிகழ்ச்சியைச் செய்து பார்க்க வேண்டும், தகவலைச் சரிபார்க்க வேண்டும், வாதத்தைப் படிப்படியாக ஏறிப் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் பொதுவாகக் கையில் வைத்துக்கொள்ளத் தக்க கேள்வி ஒன்று உண்டு: கடவுளே இல்லாத உலகமாக இருந்தால் இது நடக்காமல் போயிருக்குமா? அப்போதும் இதேபோல் நடந்திருக்கும் என்றால் அது கடவுளுக்கு ஆதாரம் ஆகாது. அதனாலேயே கடவுள் இல்லை என்றும் ஆகிவிடாது. அந்தச் சாட்சி மட்டும் கூண்டைவிட்டு இறங்குகிறது, அவ்வளவுதான்.

பாலில் இருந்து தொடங்கலாம். 1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. டெல்லியின் தென்பகுதியில் ஒரு கோயிலில் விடியும் முன்பே தொடங்கிய செய்தி, தொலைபேசி வழியாகவே காலைக்குள் பல மாநிலங்களுக்கும், அன்றைக்கே லண்டனின் சவுத்தால் போன்ற இடங்களுக்கும் போய்விட்டது. அன்றே மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்த விஞ்ஞானிகள் டெல்லிக் கோயில் ஒன்றுக்குப் போய், பாலில் நிறம் கலந்து ஊட்டினார்கள். கரண்டியில் பால் குறையக் குறைய, சிலையின் மேல் நிறம் வழிந்து இறங்கியது தெரிந்தது. பால் உள்ளே போகவில்லை, மேலேதான் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் செய்து பார்க்க அரை மணி நேரம் போதும். ஒரு சிறிய பளிங்கு அல்லது கண்ணாடிப் பொம்மை, 5 மில்லி கொள்ளும் தேக்கரண்டி, கொஞ்சம் பால், உணவில் சேர்க்கும் நிறம் ஒரு சொட்டு. பொம்மையை முதலில் தண்ணீரில் நனைத்து உதறுங்கள். கரண்டியை விளிம்பு தாண்டி மேடுகட்டி நிற்கும் அளவுக்கு நிரப்புங்கள். பொம்மையில் முன்னால் துருத்தி நிற்கும் ஒரு பகுதியை, மூக்கோ கையோ, கரண்டி விளிம்பால் தொடுங்கள். மேடுகட்டிய பால் ஈரமான பரப்பைத் தொட்டதும் அதில் ஒட்டி இழுபடும். பரப்பு இழுவிசை வழியைத் திறக்கிறது, பிறகு புவியீர்ப்பு வேலையைப் பார்த்துக்கொள்கிறது. மட்டம் இறங்க இறங்கக் கை தன்னையறியாமல் கரண்டியை ஓரிரு பாகை சாய்க்கும். பக்கத்தில் நிற்பவருக்கு மட்டுமல்ல, பிடித்திருப்பவருக்கே அது தெரியாது. 5 மில்லி என்பது எங்கே போயிற்று என்று கேட்டால் கணக்கு எளிது: 500 சதுர சென்டிமீட்டர் பரப்பில் அதைப் பரப்பினால் படலத்தின் தடிமன் 0.1 மில்லிமீட்டர். வெள்ளைப் பளிங்கில் அது கண்ணுக்குத் தட்டுப்படாது. கறுப்புக் கல்லில் வெள்ளைக் கோடாகத் தெரிந்துவிடும்.

எங்கே பிசகும் என்பதும் முக்கியம். சிலைமேல் எண்ணெய்ப் பூச்சு இருந்தால் பால் ஒட்டாமல் முத்து முத்தாகத் திரண்டு சொட்டும். கரண்டி அரைகுறையாக நிரம்பியிருந்தால் பால் சிலையைத் தொடவே தொடாது. பரப்பு உலர்ந்திருந்தால் தொடக்கத்தில் தயங்கும். வெறும் தண்ணீரைவிடப் பால் நன்றாக வேலை செய்வதற்கும் காரணம் உண்டு. அறை வெப்பத்தில் தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன் அளவில் இருக்கும். பாலுக்கு அது 50க்கு அக்கம்பக்கம். அதனால் பால் பரப்பை நனைத்துப் படர்வது எளிது. அன்று ஒரு சிலை குடித்து இன்னொரு சிலை குடிக்க மறுத்ததற்குப் பக்தி பேதம் தேவையில்லை.

இங்கே நாத்திகர்கள் அடிக்கடி செய்யும் தவறு, "மக்கள் பொய் சொன்னார்கள்" என்பது. யாரும் பொய் சொல்லவில்லை. கரண்டியில் இருந்த பால் உண்மையாகவே குறைந்தது. பார்த்தது சரி, பார்த்ததிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. அபிஷேகம் என்றால் குடம் குடமாக ஊற்றுவோம். தும்பிக்கை நுனியில் கரண்டியை வைத்து மட்டத்தை உற்றுப் பார்க்கும் பழக்கம் அதற்கு முன் யாருக்கும் இல்லை. எல்லோரும் ஒரே நாளில் உற்றுப் பார்த்ததால் அது ஒரே நாளில் நடந்ததாகத் தோன்றியது. 2006 ஆகஸ்டில் வட இந்தியாவில் மறுபடியும் இதே பேச்சு கிளம்பியது, அப்போதும் நடந்தது. இன்று செய்தாலும் நடக்கும்.

நீரும் நுண்துளையும் சேர்ந்து செய்யும் வேலைக்கு மதவேறுபாடு கிடையாது. 2012 மார்ச்சில் மும்பை வேளாங்கண்ணி மாதா ஆலயம் ஒன்றில் சிலுவையிலிருந்த இயேசு சிலையின் காலிலிருந்து நீர் சொட்டியது. பகுத்தறிவாளர் சனல் இடமருகு சுவரின் மறுபக்கம் போய்ப் பார்த்தார். அடைத்துக்கொண்ட கழிவுநீர்ப் பாதை ஒன்றிலிருந்து ஈரம் சுவர்வழி ஏறி, ஆணி அடித்த இடத்தில் வெளியேறிக்கொண்டிருந்தது. பக்தர்கள் அதைத் தீர்த்தமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் கவலைக்குரிய பகுதி. அவர்மீது மத உணர்வைப் புண்படுத்தியதாகப் புகார்கள் பதிவாயின. அதே ஆண்டில் அவர் பின்லாந்துக்குப் போய்விட்டார்.

அடுத்து நெருப்பு. பூக்குழி, தீமிதி, குண்டம் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் இயற்பியல் ஒன்றுதான். சூடு வேறு, வெப்பம் கைமாறும் வேகம் வேறு. அடுப்பில் காயும் தோசைக்கல்லையும் அதன் மரப்பிடியையும் ஒரே கையால் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எரிந்து தணிந்த மரக்கரி 500 டிகிரி செல்சியஸுக்கு மேலும் இருக்கலாம். ஆனால் அது எடை குறைந்தது, துளை நிறைந்தது. அதன் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.1 வாட் அளவில்தான். இரும்புக்கு அது சுமார் 80. மேலே படியும் சாம்பல் இன்னொரு காப்பு. ஒரு அடி எடுத்து வைக்கும்போது பாதம் கரியில் இருக்கும் நேரம் அரை விநாடியோ அதற்கும் குறைவோதான். 15 அடி நீளக் குழியை ஏழு எட்டடியில் கடந்துவிடலாம், அதாவது ஒவ்வொரு பாதமும் நான்கு முறைக்கு மேல் படாது. அதற்குள் பாதத் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் கரித்துண்டின் மேற்பரப்பு குளிர்ந்துவிடுகிறது, உள்ளிருக்கும் வெப்பம் வந்து சேர நேரமில்லை.

அப்படியானால் காயம் எப்போது படுகிறது? கட்டைகள் முழுக்க எரிந்து கரியாகாமல் இன்னும் சுவாலை இருக்கும்போது. கரியைத் தட்டிச் சமன் செய்யாமல் பாதம் புதையும் அளவுக்கு ஆழமாக விட்டிருக்கும்போது. ஆணி, இரும்புத்துண்டு, கல் கலந்திருக்கும்போது. பயந்து ஓடும்போது, ஓடினால் கால்விரல்கள் குத்தி உள்ளே இறங்கும். ஈரக்காலில் கங்கு ஒட்டிக்கொள்ளும்போது. குழியின் முடிவில் பாலோ தண்ணீரோ நிரப்பிய சிறு பள்ளம் வைப்பது ஒட்டிய கங்கை உடனே கழுவத்தான் உதவுகிறது. கையில் குழந்தையோடு இறங்குபவர்கள் தடுக்கி விழுவதுதான் மிக மோசமான விபத்து. ஒவ்வோர் ஆண்டும் தீக்காயச் செய்திகள் வருவது எல்லாருக்கும் தெரியும்.

இதில் பார்க்க வேண்டியது காயம்பட்டவருக்குச் சொல்லப்படும் விளக்கத்தை. கால் வேகவில்லை என்றால் அம்மன் அருள். வெந்துவிட்டால் விரதத்தில் குறை. எது நடந்தாலும் முடிவு மாறாது என்றால் அங்கே சோதனையே நடக்கவில்லை. 1935ல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் காஷ்மீரைச் சேர்ந்த குதா பக்ஸை வைத்துத் தீ நடப்பைச் சோதித்தார்கள். 1937ல் நடந்த தொடர்ச் சோதனையில் பயிற்சியில்லாத ஆங்கிலேயரும் நடந்து காட்டினார்கள். விரதமில்லை, காப்புக் கட்டவில்லை, அம்மனுமில்லை. தமிழ்நாட்டில் திராவிடர் கழகத்தார் ஊர்வலமாகப் போய்த் தீச்சட்டி ஏந்தி, "தீச்சட்டி இங்கே, மாரியாத்தாள் எங்கே?" என்று கேட்டதும் இதே தர்க்கம்தான். நம்பாதவன் செய்தாலும் நடக்கிறது என்றால் நம்பிக்கை அங்கே காரணமல்ல. வேல் குத்தியும், முதுகில் கொக்கி மாட்டித் தேருக்குப் பதிலாகக் கார் இழுத்தும் அவர்கள் காட்டினார்கள்.

இந்த இடத்தில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூரின் சாதுரியத்தைச் சொல்லாமல் போக முடியாது. திருவல்லாவில் 1898ல் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் ஆசிரியராகப் பணியாற்றி, 1959ல் கொழும்பில் ஓய்வு பெற்றவர். தெய்வீக சக்தியை மோசடிக்கு இடமில்லாத நிலையில் காட்டுபவருக்கு 1 லட்சம் இலங்கை ரூபாய் என்று 1963ல் அறிவித்தார். அவர் பட்டியலில் தீ மிதிப்பது இல்லை. எரியும் தணலின் மேல் அரை நிமிடம் கால் கொப்பளிக்காமல் அசையாது நிற்க வேண்டும் என்று இருந்தது. நடப்பதற்கும் நிற்பதற்கும் இடையில்தான் இயற்பியல் முடிந்து அற்புதம் தொடங்க வேண்டும். உறையிட்டு மூடிய ரூபாய் நோட்டின் எண்ணைப் படிப்பது போன்ற மற்ற நிபந்தனைகளும் அப்படித்தான்: தந்திரக் கதவுகள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டிருந்தன. 1978ல் அவர் இறக்கும்வரை பணத்தை யாரும் வாங்கவில்லை.

கோவை போத்தனூரை இருப்பிடமாகக் கொண்டு இயங்கிய பசவ பிரேமானந்த் இதே வேலையை மேடையில் செய்தார். திருநீற்றைக் கஞ்சியில் பிசைந்து உருட்டிக் காயவைத்த சிறு வில்லையைக் கட்டைவிரல் இடுக்கில் ஒளித்துக்கொண்டு, கை சுழற்றும்போது நொறுக்கினால் விபூதி "வரும்". செம்பருத்திப் பூவைத் தேய்த்து உலர்த்திய கத்தியால் எலுமிச்சையை அறுத்தால் "ரத்தம்" கசியும், பூவின் சாயம் அமிலத்தில் சிவக்கிறது. மஞ்சள்நீரில் சுண்ணாம்பு சேர்ந்தாலும் சிவப்பு. ஆரத்தி எடுக்கும் எந்த வீட்டிலும் இது தெரிந்த விஷயம். இவற்றில் ஒவ்வொன்றையும் விவரிப்பதில் பயனில்லை. ஒரு அற்புதத்தைக் கண்டதும் அந்த இடத்திலேயே விளக்கம் தர இயலாவிட்டால் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் சொல்லலாம். மேடை மாயாஜாலக்காரர் செய்வது நமக்குப் புரியாதபோது நாம் மதம் மாறிவிடுவதில்லை.

"சரி, தந்திரங்களை விடுங்கள், பிரார்த்தனை பலித்ததே?" என்பார்கள். இதைச் சோதிப்பது கடினமல்ல, சோதித்தும் இருக்கிறார்கள். இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 நோயாளிகளை அமெரிக்காவின் ஆறு மருத்துவமனைகளில் மூன்றாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2006ல் வெளிவந்தது. தலைமை ஹெர்பர்ட் பென்சன், பண உதவி மதத்துக்கு அனுகூலமான டெம்பிள்டன் அறக்கட்டளை. எனவே நாத்திகர் சதி என்று சொல்ல வழியில்லை. முதல் குழுவுக்காகப் பிரார்த்தனை நடந்தது, ஆனால் நடக்கிறதா என்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டாவதுக்கு நடக்கவில்லை, அவர்களுக்கும் தெரியாது. மூன்றாவதுக்கு நடந்தது, நடக்கிறது என்று சொல்லியும் வைத்தார்கள். 30 நாளுக்குள் ஏதேனும் சிக்கல் கண்டவர்கள் முறையே 52, 51, 59 சதவீதம். முதல் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. தமக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சிக்கல். "நம் நிலைமை அவ்வளவு மோசமா?" என்ற பதற்றம் காரணமாக இருக்கலாம் என்று யூகித்தார்கள். பிரார்த்தனை கெடுதல் செய்கிறது என்று இதைக் காட்டித் திரிவதும் தவறு. ஒற்றை ஆய்வின் ஒரு எண்ணுக்கு அவ்வளவு பாரம் தாங்காது.

இதற்கு எதிராக எடுத்துக்காட்டப்படுவது 1988ல் வெளிவந்த சான்பிரான்சிஸ்கோ ஆய்வு, 393 இதய நோயாளிகள். அதில் 26 அம்சங்களை அளந்து, ஆறில் பிரார்த்தனைக் குழுவுக்கு நன்மை தெரிந்தது. எத்தனை நாள் மருத்துவமனையில் இருந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் வேறுபாடு இல்லை. 26 இடத்தில் வலை வீசினால் சிலவற்றில் மீன் சிக்கும். எந்த அளவை நம்பப்போகிறோம் என்று முன்கூட்டி எழுதி வைக்கச் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, சிதம்பரம். தகவலைச் சரிபார்க்கும்போது நமக்கு வசதியானதையும் வசதியில்லாததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிதம்பரம், காஞ்சி ஏகாம்பரநாதர், காளத்தி (காளஹஸ்தி) ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் இருப்பது உண்மை, 79.69 முதல் 79.70 பாகைக்குள். ஆனால் பஞ்சபூதத் தலங்கள் ஐந்து. திருவண்ணாமலை 79.07 பாகையிலும் திருவானைக்காவல் 78.7 பாகையிலும் இருக்கின்றன. ஐந்தில் ஒத்துவந்த மூன்றை எடுத்துக்கொண்டு, ஒத்துவராத இரண்டைச் சொல்லாமல் விட்டதால்தான் அது அதிசயமாகிறது. பாடல்பெற்ற தலங்களே இருநூற்றுக்கு மேல். வரைபடத்தில் அத்தனை புள்ளிகள் இருந்தால் நேர்கோடுகள் கிடைக்காமல் இருக்குமா? ஒருவேளை திட்டமிட்டே வடக்கு தெற்காக அமைத்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும், நிழல்குச்சி வைத்துத் திசை காணத் தெரிந்த மனிதர்களின் திறமைக்குத்தான் அது சான்று.

"பூமியின் காந்தப் புலத்தின் நடுமையம் நடராசர் கால்விரலில் இருக்கிறது" என்பது வேறு வகை. காந்த நடுக்கோடு பூமியைச் சுற்றிவரும் ஒரு வளைகோடு, அதற்கு மையப்புள்ளி என்று ஒன்று கிடையாது. அந்தக் கோடு இந்தியாவின் தென்முனைப் பக்கம் போவதால்தான் 1963ல் முதல் ராக்கெட்டை ஏவ, 8.5 பாகை வடக்கிலுள்ள கேரளத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். சிதம்பரம் 11.4 பாகையில், அதற்கும் 300 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே இருக்கிறது. போதாததற்கு அந்தக் கோடு ஆண்டுக்கு ஆண்டு நகர்கிறது, கோயில் நகர்வதில்லை. திருநள்ளாறு மேலே செயற்கைக்கோள் 3 விநாடி நின்று போகிறது என்பதும் இந்த இனம்தான். தாழ்ந்த சுற்றுப்பாதையில் செயற்கைக்கோள் விநாடிக்குச் சுமார் 7.5 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதை மேலே வைத்திருக்கிறது. நின்றால் விழும். நின்று மறுபடி கிளம்ப வேண்டுமானால், அதை ஏவிய ராக்கெட்டுக்கு ஈடான இன்னொன்று உள்ளே இருக்க வேண்டும். கோயிலின் கட்டடக்கலை இந்தக் கட்டுக்கதைகள் இல்லாமலே பெரியது என்று பக்தர்களே இதைக் கண்டித்திருக்க வேண்டும்.

இனி நான்காவது. இதுதான் உண்மையில் கனமான பகுதி, இதற்குத்தான் மரியாதையும் அதிகம் தர வேண்டும்.

பானை-குயவன் வாதம் நியாயம் என்ற இந்தியத் தர்க்க மரபுக்குச் சொந்தமானது. பூமி முதலியவற்றுக்குச் செய்தவன் உண்டு, அவை செய்பொருள் ஆதலால், பானையைப் போல. மிதிலையைச் சேர்ந்த உதயனர் 10ஆம் நூற்றாண்டில் இதை முழு வலிமையோடு கட்டினார். தமிழில் 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞானபோதம் முதல் நூற்பாவிலேயே இந்த வழியில்தான் தொடங்குகிறது: உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது, ஆகவே அதற்கு ஒரு முதல்வன் வேண்டும். அவர் மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் மண், திரிகை, குயவன் என்று மூன்று காரணங்களாக அதை விரித்தார். உலோகாயதனை, அதாவது கண்ணால் காண்பதை மட்டுமே ஏற்கும் பொருள்முதல்வாதியை, முதல் எதிராளியாக நிறுத்தி அவர் வாதிட்டதைப் பார்த்தால், எதிர்க்கேள்வி அன்றே இந்த மண்ணில் பலமாக இருந்தது தெரிகிறது. நாத்திகம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு என்பவர்கள் கவனிக்க வேண்டும்.

வாதம் எங்கே தடுக்குகிறது? பானையைப் பார்த்ததும் குயவனை நினைக்கிறோம், ஏனென்றால் குயவர் பானை வனைவதைக் கண்டிருக்கிறோம். கருதலளவை (அனுமானம்) எதுவும் முன்பு கண்ட காட்சியின் முதுகில்தான் ஏறி வருகிறது. உலகங்கள் செய்யப்படுவதை எவரும் கண்டதில்லை. 7ஆம் நூற்றாண்டில் பௌத்தரான தர்மகீர்த்தி இதை ஒரு புற்றை வைத்து உடைத்தார். மண்ணால் ஆனது, உருவம் உள்ளது என்பதுமட்டும் போதுமானால் புற்றையும் குயவன்தான் செய்திருக்க வேண்டும். புற்றின் உள்ளே அறைகள், காற்றுப்போக்கு, ஒழுங்கு எல்லாம் உண்டு. அதைத் திட்டமிட்ட பொறியாளர் மட்டும் இல்லை, ஒவ்வொரு கறையானும் பக்கத்திலுள்ள மண்ணுருண்டைக்கு எதிர்வினை செய்கிறது. ஒழுங்கு இருந்தால் அதை ஒருவன் மனத்தில் வரைந்திருக்க வேண்டும் என்ற படி அங்கே முறிகிறது.

அதே நூற்றாண்டில் குமாரில பட்டர் வேறு பக்கத்திலிருந்து வந்தார். உடலில்லாதவனுக்குப் படைக்கும் விருப்பம் எப்படி எழும்? உடலுண்டு என்றால் அந்த உடலைப் படைத்தது யார்? கருணையால் படைத்தான் என்றால், உயிர்களே இல்லாதபோது யார்மேல் கருணை? கருணைதான் நோக்கம் என்றால் இன்பத்தை மட்டும் படைத்திருக்கலாமே? படைத்ததைப் பார்த்த சாட்சி யார்? இதைக் கேட்டவர் நாத்திகர் அல்ல. வேதத்தைத் தலைமேல் வைத்த மீமாம்சகர். வேதம் அநாதி, அதற்கு ஆசிரியன் தேவையில்லை, உலகுக்கும் தேவையில்லை என்பது அவர் தரப்பு.

இன்னும் சுவையானது இராமானுசரின் நிலை. பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் சூத்திரத்துக்கு உரை செய்யும்போது, அனுமானத்தால் இறைவனை நிறுவ முடியாது என்று நீண்ட வாதம் வைக்கிறார். மலையும் கடலும் ஒரே காலத்தில் ஒருவனால் செய்யப்பட்டன என்பதற்கு என்ன காரணம்? வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பேர் செய்திருக்கலாமே? நாம் அறிந்த செய்வோர் எல்லாரும் உடலுள்ளவர்கள், குறையறிவினர். உவமையை நேர்மையாகப் பின்தொடர்ந்தால் அப்படிப்பட்ட ஒருவனிடம்தான் போய்ச் சேருவோம். ஆகவே உரையளவையால், அதாவது வேதத்தின் சொல்லால், மட்டுமே அறியத் தக்கவன் என்று முடிக்கிறார். பக்தியின் உச்சத்தில் நின்றவர் இந்த வாதத்தைக் கைவிட்டிருக்கிறார். அவர் கைவைத்த உரையளவைக்கும் ஒரு சிக்கல் உண்டு: அதே வேதத்தை வைத்துக்கொண்டுதான் குமாரிலர் படைப்போன் இல்லை என்றார்.

இன்று இதே வாதம் வேறு உடையில் வருகிறது. "தொடக்கம் உள்ளதெல்லாம் காரணம் உள்ளது, பிரபஞ்சத்துக்குப் பெருவெடிப்பில் தொடக்கம் உண்டு, ஆகவே காரணம் உண்டு." பெருவெடிப்புக் கொள்கை, 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் மிக வெப்பமாகவும் மிக அடர்த்தியாகவும் இருந்தது என்கிறது. அதற்கு முன் "ஒன்றுமில்லை" என்று அது சொல்லவில்லை. அவ்வளவு பின்னால் போகும்போது இப்போதைய சமன்பாடுகள் செல்லுபடியாவதில்லை. இந்தக் கொள்கைக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951ல் போப் 12ஆம் பயஸ் இதைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது, அப்படி முடிச்சுப் போடுவதை அவர் விரும்பவில்லை. மறுபக்கம், "குவாண்டம் வெற்றிடத்திலிருந்து எல்லாம் தானாக வந்தது, விஷயம் முடிந்தது" என்று சொல்லும் நாத்திகரும் அவசரப்படுகிறார். அந்த வெற்றிடம் சூனியமல்ல, விதிகளும் ஆற்றலும் உள்ள ஒன்று. நேர்மையான விடை, இப்போதைக்குத் தெரியாது என்பதே. தெரியாத இடத்தில் ஒரு பெயரை எழுதி வைத்தால் அது தெரிந்த இடமாகிவிடாது. வாதம் முழுக்க வென்றதாகவே வைத்துக்கொண்டாலும் கையில் மிஞ்சுவது "ஏதோ ஒரு காரணம்". அது முருகனா, அல்லாவா, யெகோவாவா, வேண்டுதலைக் கேட்குமா, மொட்டையடித்தால் மகிழுமா என்பதற்கு அங்கிருந்து பாலமே இல்லை.

உயிர்களின் நேர்த்தியைக் காட்டுபவர்களுக்கு 1859லேயே டார்வின் வழி காட்டிவிட்டார் என்பதால் சுருக்கமாக ஒரு சோதனை. வெள்ளைத்தாளில் 8 சென்டிமீட்டர் இடைவெளியில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, வலப்பக்கம் ஒரு கரும்புள்ளி. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியையே பார்த்துக்கொண்டு தாளை முகத்திலிருந்து 40 சென்டிமீட்டரிலிருந்து மெல்ல அருகே கொண்டுவாருங்கள். 30 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் புள்ளி மறைந்துவிடும். நம் விழித்திரையில் நரம்பிழைகள் ஒளியை உணரும் செல்களுக்கு முன்பக்கமாக ஓடி, ஒரு துளை வழியே வெளியேறுகின்றன. அந்தத் துளையில் பார்வை கிடையாது. ஆக்டோபஸின் கண்ணில் நரம்பு பின்பக்கமாகவே போகிறது, குருட்டுப்புள்ளி இல்லை. நம்மிடம் வைட்டமின் சி தயாரிக்கும் மரபணு ஒன்று பழுதாகிக் கிடக்கிறது, சிம்பன்சியிடமும் அதே மரபணு பழுது. வழிவழியாக வந்த உடம்பு என்றால் இவை எதிர்பார்க்கத் தக்கவை. வரைபடம் போட்டுச் செய்த உடம்பு என்றால் ஒவ்வொன்றுக்கும் தனிச் சமாதானம் தேட வேண்டும்.

தனிப்பட்ட அனுபவத்தைப் பற்றி: ஒருவர் கனவில் மாதாவைக் காண்கிறார், இன்னொருவர் சன்னதியில் உடல் சிலிர்க்கிறார். அனுபவம் உண்மைதான். ஆனால் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத கடவுளர்களுக்கு ஒரே தரமான அனுபவங்கள் கிடைக்கின்றன. அனுபவித்தவரின் நிம்மதிக்கு அது போதும், மற்றவரை ஒப்புக்கொள்ள வைக்கப் போதாது.

"அப்படியானால் எதைக் காட்டினால்தான் ஏற்பீர்கள்?" இது நியாயமான கேள்வி, இதற்கு விடை சொல்லாத நாத்திகர்தான் பிடிவாதக்காரர். மருத்துவப் பதிவோடு வெட்டி எடுக்கப்பட்ட ஒரு கால் பிரார்த்தனைக்குப் பிறகு முளைப்பது. நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் நடத்தும் பெரிய சோதனைகளில் ஒரு மதத்தின் பிரார்த்தனை மட்டும் திரும்பத் திரும்ப வேலை செய்வது. எழுதப்பட்ட காலத்தில் யாருக்கும் தெரிந்திருக்க முடியாத ஒரு துல்லியமான எண், பின்னால் வளைத்துப் பொருள் கொள்ளாமல், பழைய நூலில் நேராகக் கிடைப்பது. கோவூரின் தணல்மேல் அரை நிமிடம். இவற்றில் ஒன்று நடந்தாலும் நிலைப்பாட்டை மாற்ற வேண்டியிருக்கும்.

உங்கள் ஊரில் ஒரு அற்புதம் கிளம்பி நீங்களே பார்க்கப் போவதானால் சில நடைமுறை விஷயங்கள். என்ன நடந்தால் எந்த முடிவு என்பதை முன்பே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிலையைச் சுற்றிப் பின்பக்கம், மேற்கூரை, குழாய்ப்பாதை மூன்றையும் பாருங்கள். சொட்டும் நீரை யாரும் குடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. எடுத்த படத்தில் நேரமும் கோணமும் தெரியட்டும். கோயிலிலோ தேவாலயத்திலோ பொறுப்பாளர் அனுமதியில்லாமல் எதையும் தொட வேண்டாம். விளக்கம் சொல்லும்போது இயற்பியலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பக்தரைக் கேலி செய்யும் சொல் ஒன்றும் வேண்டாம். வேண்டுமென்றே தீய நோக்கோடு மத உணர்வைப் புண்படுத்துவதற்கு இந்திய தண்டனைச் சட்டம் 295ஏ பிரிவில் இருந்த மூன்றாண்டு வரையிலான சிறை, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவாகத் தொடர்கிறது. வழக்கு நிற்காமல் போனாலும் அலைச்சல் உறுதி. பால் சோதனையைச் சாமி சிலையில் செய்ய வேண்டிய தேவையே இல்லை, பீங்கான் கோப்பையின் கைப்பிடியும் அதே பாலை அதே வேகத்தில் குடிக்கும்.